மூன்றாம் அறைத் தட்டு

சுருளிவேல் அண்ணனை இடக்கைக்காரர் என்றே பத்தொன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கான பழியை என் வேலைமேல்தான் போட வேண்டும். அடுப்படியில் நிற்பவளுக்குச் சாப்பிடுகிறவரின் முகம் தெரியாது. திரும்பி வரும் தட்டுதான் தெரியும். வங்கி மேனேஜர் உருளைக்கிழங்கு வறுவலில் ஐந்து துண்டை எண்ணி மிச்சம் வைப்பார். ஜின்சி டீச்சர் பாதிக் கறியை முட்டைக்கோசுக்கு அடியில் ஒளித்துவிட்டு, போகும்போது ஜன்னல் வழியாக "ஹஸீபா, சூப்பர்" என்று கத்திவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். தட்டு பொய் சொல்லாது என்பது என் எண்ணம். அதில்தான் நான் ஏமாந்தேன்.

எங்கள் கடைக்குப் பலகையில் இருக்கும் பெயர் வேறு. பீர்மேட்டில் எல்லாருக்கும் அது 'ஸ்டேக் கடை'. அத்தாவின் அத்தா பாலக்காட்டிலிருந்து மலையேறி வந்து, துரைமார் கிளப்பில் சமையல் பார்த்தவர். கிளப்பை மூடியபோது அங்கிருந்த பன்னிரண்டு இரும்புத் தட்டுகளை வாங்கி வந்து பஜாரில் கடை போட்டார். அவருக்குப் பிறகு என் அத்தா குஞ்சு முகம்மது நடத்தினார். இப்போது அடுப்பு என்னுடையது, கல்லாவும் பரிமாறுவதும் தம்பி நசீமுடையது. தட்டுகளில் ஒன்பது மிச்சம். எருமைப் போத்தின் முதுகுக் கறியை ஓரத்துக் கொழுப்போடு வெட்டி, பச்சைப் பப்பாளியும் மிளகும் வினிகரும் தடவி முதல் நாளே ஊறப் போட்டுவிடுவோம். மறுநாள் தட்டைக் காய வைத்து, கறியைச் சுட்டு, தட்டோடு பலகையில் வைத்துக் கொண்டுபோனால், அது போடும் சத்தத்தில் பக்கத்து மேசைக்காரன் பேச்சை நிறுத்துவான்.

கடையின் பின்பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக நான்கு பலகை அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, சுவரில் ஒரு மணி சுவிட்ச். சுவிட்சை அழுத்தினால் அடுப்படியில் மணி அடிக்கும், எந்த அறை என்று ஒரு சின்ன பல்பு எரியும். மூன்றாம் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் பலகைச் சுவர் மட்டும்தான். அதில் ஒரு சிறு கதவு உண்டு. அத்தா காலத்தில் அதன் வழியாகத் தட்டு கொடுத்தார்களாம். இப்போது சாத்தியே கிடக்கும்.

சம்பளம் போட்ட அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மூன்றாம் அறை சுருளிவேல் அண்ணனுக்கும் அவர் மனைவி கற்பகம் மதினிக்கும் உரியது. சொல்லிவைக்கவே வேண்டாம். நன்றாக வெந்த ஸ்டேக் ஒன்று, மூன்று பரோட்டா, முட்டைக்கறி. கடைசியில் ஒரு தடவை மணி அடிக்கும். அது மதினிக்குப் பால் ஊற்றாத கட்டன் சாயா, மூன்று ஸ்பூன் சீனி. ஸ்டேக் தட்டு திரும்பி வரும்போது வெங்காய வளையங்கள் வலது விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். எலுமிச்சை மூடி சக்கையாகப் பிழிபட்டு இடது பக்கம் கிடக்கும். கறி ஒரு நார்கூட மிஞ்சாது. ஸ்டேக் ஆம்பளைக்கு, முட்டைக்கறி பொம்பளைக்கு என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். தட்டு இப்படி வந்ததால் அண்ணன் இடக்கைக்காரர் என்றும் முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை.

அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுகிறவர். அந்தச் சூட்டில் நின்று நின்று, வெளியே வந்தால் வெயில் நாளிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். அதில் தேயிலைத் தூள் வாசம் எப்போதும் இருக்கும். எஸ்டேட் கோயிலில் கருப்பசாமிக்குச் சாமியாடியும் அவர்தான். கொடை நாளில் சாமி இறங்கி அரை பாட்டில் சாராயத்தை நின்றபடி குடிக்கும். நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வேன்.

"அண்ணே, குடிச்சது சாமியா, நீங்களா?"

"பாப்பா, சாமிதான் குடிக்கும். எறங்கினதுக்கப்புறம் என் வாயில வாடையே இருக்காது. எனக்கு ஒண்ணும் நெனவும் இருக்காது. பக்கத்துல நிக்க ஆள் பாத்துச் சொன்னாத்தான் எனக்கே தெரியும்."

இதை அவர் அடுப்படி ஜன்னலில் நின்று, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வார். நான் நம்பினேனா என்று கேட்டால், அப்போது இல்லை.

போன வருடம் பங்குனியில் கற்பகம் மதினி இறந்துபோனார். வயிற்றில் கட்டி என்றார்கள், கோட்டயம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்கு நசீம் போய்வந்தான். இனி மூன்றாம் அறைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வைகாசியில் சம்பளச் சனிக்கிழமை வந்தது, சுருளிவேல் அண்ணனும் வந்தார். அதே ஸ்டேக், அதே பரோட்டா, அதே முட்டைக்கறி. ஒற்றை ஆளுக்கு இவ்வளவா என்று நசீம் கேட்டிருக்கிறான்.

ஸ்டேக் தட்டு திரும்பி வந்தது. வெங்காயம் வைத்த இடத்தில் இருந்தது. எலுமிச்சையைப் பிழியவில்லை. கறியின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து போயிருந்தது.

"தொடவே இல்ல லாத்தா," என்றான் நசீம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். அடுப்படிக்காரிக்குத் தொடாத தட்டு வருவதும் முகத்தில் அறைவதும் ஒன்றுதான். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுப் பார்த்தேன். கறியில் ஒரு குறையும் இல்லை. துக்கத்தில் இறங்கியிருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனியிலும் அப்படியே வந்தது. இந்தத் தடவை நசீம் இன்னொன்றும் சொன்னான். சாப்பாட்டை வைத்ததும் அண்ணன் வெளியே வந்து திரையை இழுத்து மூடிவிடுகிறாராம். கை கழுவும் இடத்தில் முதுகைக் காட்டி நிற்கிறாராம். பத்து நிமிடம் கழித்து மூன்று தடவை கை தட்டிவிட்டு உள்ளே போகிறாராம். போய்த் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு பரோட்டாவைப் பிய்க்கிறாராம்.

அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. மூன்றாம் பல்பு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் சாப்பிட்டு முடித்து வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார், அறையில் யாரும் இல்லை.

"ஈரம் லாத்தா. வயர்ல மஞ்சு எறங்கியிருக்கும்," என்றான் நசீம். பீர்மேட்டில் மூடுபனி இறங்காத வயர் எது? ஆனால் நான்கு அறையில் அந்த ஒன்று மட்டும் ஏன் அடிக்க வேண்டும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடியில் நான் பொறுக்கவில்லை. கரண்டியும் கையுமாகப் போய்த் திரையை விலக்கினேன். அண்ணன் முட்டைக்கறியில் பரோட்டாவைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார், வலது கையால்.

"எங்கத்தா மவுத்தான அன்னிக்குக்கூட இந்தத் தட்டு இப்படித் திரும்பி வந்ததில்ல," என்று சத்தம் போட வாயெடுத்தவள் அந்தக் கையைப் பார்த்து நின்றுவிட்டேன். "அண்ணே... நீங்க எடது கை இல்லையா?"

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு எதிரே இருந்த தட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் இத வாயில வச்சதே இல்ல பாப்பா. சாமியாடுறவன் திங்கலாமா? இது அவளுக்குள்ளது."

அன்று மூன்றாம் அறையில் உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். கல்யாணமான புதிதில் மதினி கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்ததில் வலது கையில் இரண்டு விரல் மடங்கியே போனது. அன்றிலிருந்து இடது கையால்தான் சாப்பிடுவார். நாலு பேர் பார்க்க இடது கையால் சாப்பிட வெட்கம். சாமியாடி பொண்டாட்டி போத்துக் கறி தின்கிறாள் என்று லயத்து வீடுகளில் தெரிந்தால் அது வேறு வம்பு. ஸ்டேக் தின்று பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மதினிதான் ஒருநாள் சொன்னாராம். திரை போட்ட அறை இருக்கிறதே என்று அண்ணன் கூட்டி வந்திருக்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, யாருக்கும் பயப்படாமல், தன் கையால் தனக்குப் பிடித்ததை மதினி தின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

"கடைசியில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். கஞ்சிகூட எறங்கல. ஒருநாள் சொல்லுதா, 'ஒரே ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க, ஓரத்துக் கொழுப்போட'ன்னு. அப்ப என் கையில காப்பு கட்டியிருந்துச்சு பாப்பா. அவ பொழைக்கணும்னு நேந்துக்கிட்டுக் கட்டின காப்பு. காப்பு கட்டினவன் இந்தக் கடை வாசல மிதிக்கப்பிடாது. 'காப்பு அவுக்கட்டும், சனிக்கிழம ஜீப்புல தூக்கிட்டே போறேன்'னேன். சரின்னா. வியாழக்கிழம போயிட்டா."

அவர் தண்ணீர் குடித்தார்.

"எழவு விழுந்த வீட்டுக்காரன் காப்போட இருக்கக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரத்துல வந்து அவுத்துட்டாக. வெறும் ரெண்டு மணி நேரம்."

பதினாறாம் நாள் படையலில் வடை, பாயாசம், ஆட்டுக்கறி எல்லாம் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவர்கள் வழக்கம் அது. இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, கை தட்டிவிட்டுத் திறப்பார்கள். பிறகு காக்கைக்கு வைப்பார்கள். காக்கை கிட்டே வந்து பார்த்துவிட்டுப் பறந்துவிட்டதாம். அன்றிலிருந்து ஷிஃப்டு முடிந்து மத்தியானம் வீட்டுக்குப் போனால் வீடு முழுக்க மிளகு பொரியும் வாடை என்றார். அடுப்பு குளிர்ந்து கிடக்குமாம்.

"பசியோட நிக்கா பாப்பா. ஒரு விள்ளல் எடுத்தான்னு தெரிஞ்சாப் போதும்."

இறந்தவர்களுக்கு நாங்கள் துஆ செய்வோம், சோறு வைக்க மாட்டோம். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆவணியில் மறுபடியும் வந்தார்.

அந்த மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு மனிதர் மாதாமாதம் என் கடையில் கை தட்டிவிட்டு உள்ளே போய்த் தோற்றுத் திரும்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் முதுகைக் காட்டி நின்ற நேரத்தில் அந்தப் பழைய சிறு கதவைத் திறந்தேன், குனிந்து உள்ளே போனேன். கறியில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். நாக்கு வெந்துபோனது. திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு ஒன்றும் தெரியாதவளைப் போல வெங்காயம் அரிந்தேன். பெரிய தர்மம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

கை தட்டும் சத்தம் மூன்று தடவை கேட்டது. திரை விலகியது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பிறகு தட்டைத் திருப்பி வைக்கும் சத்தம்.

"பாப்பா."

போனேன். அவர் தட்டைக் காட்டினார்.

"அவ நடுவுல கை வைக்க மாட்டா. ஓரத்துக் கொழுப்புலதான் தொடங்குவா. ஓரம் தீந்தாத்தான் நடு."

வெந்திருக்கிறதா என்று பார்க்க அடுப்படிக்காரி நடுவில்தான் வெட்டுவாள். பழகிய கை, யோசிக்காமல் அங்கேயே போயிருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மதினி பசிச்சு நிக்கான்னு சொன்னீங்க. அதான்..." என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "செத்தவளுக்கு வச்சதுல கை வச்சிட்டியே பாப்பா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, முட்டைக்கறியைத் தொடாமல் எழுந்து போனார். ஒரு வாரம் என் வாயை விட்டு மிளகுக் காரம் போகவில்லை. பால் குடித்தேன், சீனியைத் தின்றேன், ஓத வேண்டியதையெல்லாம் ஓதினேன். எட்டாம் நாள் தானாகப் போனது.

அதன் பிறகு அவர் வரவில்லை. சம்பளச் சனிக்கிழமை மூன்றாம் அறையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கூட்டம் நிற்கிறதே என்று நசீம் முறைப்பான், நானும் முறைப்பேன். ஒவ்வொரு முறையும் மத்தியானம் ஒரு தடவை மணி அடிக்கும். முதலில் நசீம் புது வயர் போட்டான். அடுத்த மாதம் சுவிட்சை மாற்றினான். அதற்கடுத்த மாதம் மணி அடித்தபோது இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. மாசியில் ஜீப் ஓட்டும் டிஜோ சாப்பிட வந்தபோது ஒரு செய்தி சொன்னான். எஸ்டேட் கோயில் பூசையில் உடுக்கை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டதாம். சுருளிவேல் சேட்டன் மரம் மாதிரி நின்றாராம். சாமி வரவே இல்லையாம்.

இந்த வருடம் பங்குனி. சனிக்கிழமை, பன்னிரண்டரை மணி, எதிர்க் கடை தெரியாத அளவுக்கு மஞ்சு. அண்ணன் வந்தார். ஸ்வெட்டர் போடவில்லை. தோளில் ஒரு தோர்த்துத் துண்டு மட்டும் கிடந்தது. பாதியாக இளைத்திருந்தார். நேராக அடுப்படி ஜன்னலுக்கு வந்தார்.

"ஒரு ஸ்டேக் போதும் பாப்பா. முட்டைக்கறி வேண்டாம்."

"அண்ணே, நான் அன்னிக்கு..."

"அத விடு. திங்கக்கிழம கொடைக்குக் காப்பு கட்டணும். சாமியக் கூப்பிட்டா சாமி வரல. அவதான் வழியில நிக்கா. பசியோட ஒருத்திய நிறுத்திட்டு நான் யாரக் கூப்பிட முடியும்? அதான் இன்னிக்கு அவளையே கூப்பிடப் போறேன். சாமி எறங்குற ஒடம்புதான, அவளும் எறங்கட்டும்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீ பக்கத்துல நிக்கணும். எனக்கு எதுவும் நெனவு இருக்காது. நீதான் பாத்துச் சொல்லணும். போன தடவ என்னை ஏமாத்தப் பாத்தே. இந்தத் தடவ பாத்தத மட்டும் சொல்லு."

"இதெல்லாம் எங்களுக்கு ஆகாதுண்ணே. பாவம்."

"நீ கும்பிட வேண்டாம். பாத்தாப் போதும்."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் வெட்டியவள் நான். அந்தக் கடன் எனக்கு இருந்தது. கறியைச் சுட்டுத் தட்டை நானே எடுத்துப் போனேன். அண்ணன் வழக்கமான இடத்தில் உட்காராமல் எதிர்ப்பக்கம், மதினியின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். திரையை மூடிவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

உடுக்கை இல்லை, கொட்டு இல்லை, தட்டு பொரிகிற சத்தம்தான் இருந்தது. அவர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். தோள் நடுங்கத் தொடங்கியது. மூச்சு ஒரு தடவை பலமாக வந்து, பிறகு மிகவும் மெல்லியதாகிவிட்டது. வலது கை மடியில் விழுந்தது. அதில் இரண்டு விரல் மடங்கின. இடது கை மேலே வந்தது.

அந்தக் கை முதலில் வெங்காய வளையங்களை எடுத்தது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், வலது விளிம்பில் அடுக்கியது. எலுமிச்சையை எடுத்துச் சக்கையாகப் பிழிந்து இடது பக்கம் போட்டது. பிறகு ஓரத்துக் கொழுப்பைப் பிய்த்தது. பத்தொன்பது வருடம் அடுப்படியில் நான் பார்த்த தட்டு எப்படி உருவாகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் ஒரு பொம்பளை பசியாறுவதைப் பார்க்கும் நிம்மதியும் அந்தப் பயத்துக்குள்ளேயே இருந்தது. அதை எந்த ஆலிமிடம் போய்ச் சொல்ல?

தட்டு காலியானது. இடது கட்டைவிரல் சுவிட்சை அழுத்தியது. அடுப்படியில் மணி கேட்டது. நான் போய்க் கட்டன் போட்டேன். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, வருடக்கணக்காகச் சீனி தொடாதவர். மூன்று ஸ்பூன் போட்டேன். அந்தக் கை கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்து வைத்தது.

பிறகு உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. அண்ணன் பலகைச் சுவரில் சாய்ந்தார். நெற்றி முழுக்க வியர்வை. கண்ணைத் திறந்து, தூங்கி எழுந்த குழந்தையைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"சாப்பிட்டாளா?"

அவர் இடது கை மணிக்கட்டு வரை கொழுப்பு வழிந்துகொண்டிருந்தது. மீசையில் சீனிச் சாயா மின்னியது. பார்த்ததை மட்டும் சொல் என்றிருக்கிறார்.

"சாப்பிட்டாங்கண்ணே."

"எதுல தொடங்கினா?"

"ஓரத்துல. கொழுப்புல."

"வெங்காயம்?"

"ஒதுக்கி அடுக்கிட்டாங்க."

"கட்டன் கேட்டாளா?"

"மணி அடிச்சுக் கேட்டாங்க. மூணு ஸ்பூன் சீனி."

அவர் முகம் மலர்ந்தது. அப்படியொரு முகத்தை ஒரு வருடமாக நான் பார்க்கவில்லை. "வயிறு நெறஞ்சிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து திரையை விலக்கியவர் அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் போயிருந்தது.

"வயிறு நெறஞ்சவ போயிருவாள்ல, பாப்பா?"

பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும், அதை நான் பார்க்கவில்லை.

அவர் கை கழுவும் இடத்துக்குப் போனார். வலது கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினார், ஒரு துளி கொழுப்பும் படாத அந்தக் கையை. இடது கையைத் தண்ணீரில் காட்டவில்லை. தோர்த்தை எடுத்து அதைப் பதமாகப் பொதிந்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மஞ்சுக்குள் இறங்கி ஜீப்பில் ஏறினார்.